சாமி பார்த்துக்குவார், சரி. மருத்துவமனை பில்லை யார் பார்ப்பது?

அன்பர்களே, ஈப்போவிலிருந்து ஆறுபடை வீடு யாத்திரைக்குப் பெயர்ப் பதிவு தொடங்கிவிட்டது. இம்முறை பயணக் காப்புறுதி எடுக்காதவர் பெயரைப் பட்டியலில் எழுதமாட்டோம் எனத் தொண்டர்கள் முடிவு செய்திருக்கிறோம். உடனே புலனத்தில் சண்டை! "கோயிலுக்குப் போறோம், சாமி பார்த்துக்குவாரு. அதுக்குமா இன்சூரன்ஸ்?"

நாங்களும் சாமியை நம்புறவங்கதான். ஆனா போன யாத்திரையை மறந்துட்டீங்களா? திருத்தணிப் படியில் ஒரு பாட்டி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. இங்கே அரசாங்க மருத்துவமனையில் ஒரு வெள்ளி கட்டிப் பழகிய நமக்கு, அங்கே தனியார் மருத்துவமனையில் முன்பணம் கேட்டபோதுதான் உறைத்தது. பஸ்ஸுக்குள்ளே துண்டு ஏந்தினோம். போதவில்லை. அவர் மகள் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அடகு வைத்தார்.

விழுந்தால்தான் செலவு என்றில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையமே நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. அப்படி மாட்டிக்கொண்டால் தங்கவும் சாப்பிடவும் யார் கொடுப்பது?

"ஒன்னும் நடக்கலேன்னா கட்டின காசு நட்டம்தானே?" என்கிறார்கள். தோட்டத்தில் மாதாமாதம் மரண சகாய நிதிக்குக் கொடுத்தோமே, யாரும் சாகலையேன்னு வருத்தப்பட்டோமா? சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் சீவியவர்கள் கூலியில் சிறுகச் சிறுகக் கட்டிய காசில்தான் தோட்டங்களையே வாங்கினார்கள். பலர் காசு சேர்ந்து ஒருவரைத் தாங்குவது நமக்குப் புதுசா?

"கேட்டா கம்பெனிக்காரன் கொடுக்கமாட்டான்" என்பதில் பாதி உண்மை. படிக்காமல் மலிவானதை வாங்கினால் அப்படித்தான். சீனி, பிரஷர், இருதய நோயை மறைக்காதீர்கள். பழைய நோய்க்கும் பணம் கிடைக்குமா என்று முதலிலேயே கேளுங்கள். மலேசியாவை விட்டுக் கிளம்பும் முன்பே வாங்குங்கள். போன இடத்தில் ரசீது, டாக்டர் அறிக்கை எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

நெற்றியில் விபூதி பூசிக்கொண்டு காரில் ஏறுகிறோம், ஆனாலும் ரோட்டு வரியோடு இன்சூரன்ஸும் கட்டத்தானே செய்கிறோம்? காருக்குச் செய்வதை அம்மாவுக்குச் செய்யக் கசக்கிறதா?

முடியாதவர்கள் எங்களிடம் தனியாகச் சொல்லுங்கள். ஒரே நிற டி-சட்டை அடிக்கும் காசை இந்த வருஷம் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். சட்டை இல்லாமல் முருகனைப் பார்க்கலாம். இன்னொரு தாயின் பெயரைச் சொல்லித் துண்டு ஏந்த எங்களால் முடியாது.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!