சந்தா தொழிலில் பங்கு சேரலாமா?

''எங்கள் பகுதி இளைஞர்கள் சிலர், மாதச் சந்தா வாங்கிக்கொண்டு வீடுகளுக்குப் பாலும் காய்கறியும் கொடுக்கிறார்கள். 300 வீடுகள் சேர்ந்திருப்பதாகச் சொல்லி, என்னையும் பங்குதாரராகச் சேரச் சொல்கிறார்கள். நெல் விற்ற பணம் 2 லட்சம் ரூபாய் கையில் இருக்கிறது. போடலாமா?''

- வாசகர், செக்காலை, காரைக்குடி.

''சந்தா என்பது நமக்குத் தெரிந்த வாடிக்கைப் பால்தான். சென்னையில் ஆவின்கூட மாதாந்திர அட்டைக்கு முன்பணம் வாங்கித்தான் பால் கொடுக்கிறது. ஆனால், வீடுகள் சேர்ந்துவிட்டாலே லாபம் வந்துவிடாது. பால் சந்தா நிறுவனமான 'சூப்பர் டெய்லி'யை 2018-ம் ஆண்டு ஸ்விக்கி வாங்கியது. 2022 மே மாதம் சென்னை உட்பட 5 நகரங்களில் அந்தச் சேவையை நிறுத்திவிட்டார்கள். லாபத்துக்கு வழி தெரியவில்லை என்பதே சொல்லப்பட்ட காரணம்.

எனவே, மூன்று கணக்குகளைக் கேளுங்கள்.

முதலாவது, நிலைத்த வீடுகள். ஜனவரியில் சேர்ந்தவர்களில் ஜூன் மாதமும் பணம் கட்டியவர்கள் எத்தனை பேர்? செட்டிநாட்டில் திருவிழா, கல்யாணத்துக்கு மட்டும் திறக்கும் வீடுகள் அதிகம். விடுமுறை விட்டால் மாணவர்களும் ஊருக்குப் போய்விடுவார்கள்.

இரண்டாவது, ஒரு வீட்டில் கிடைக்கும் மிச்சம். கொள்முதல், கழிவு, விநியோகக் கூலி, பெட்ரோல் போக மாதம் 120 ரூபாய் மிஞ்சுகிறது. விளம்பரம், சலுகை என்று ஒரு வீட்டைச் சேர்க்க 400 ரூபாய் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 100-க்கு 10 வீடுகள் விலகினால், ஒரு வீடு சராசரியாக 10 மாதம் நிற்கும். 1,200 ரூபாய் வரும். 40 வீடுகள் விலகினால், சராசரி இரண்டரை மாதம்தான்; 300 ரூபாய்தான் வரும். அப்போது வீடு கூடக்கூட நஷ்டமும் கூடும்.

மூன்றாவது, முன்பணம். இன்னும் கொடுக்காத பாலுக்காக வாங்கிய பணம் வருமானம் அல்ல, கடன். அதை எடுத்துக் கூலி கொடுத்திருந்தால், கவனம் தேவை.

பதிவையும் பாருங்கள். சாதாரண கூட்டு நிறுவனம் என்றால், அதன் கடனுக்கு உங்கள் நிலமும் பொறுப்பாகும். வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை (எல்.எல்.பி) என்றால், பொதுவாக நீங்கள் போட்ட பணத்தோடு பொறுப்பு முடிந்துவிடும். அதற்காகத் தனியாக ஜாமீன் கையெழுத்து எதுவும் போட்டுவிடாதீர்கள்.

இப்போது 2 லட்சத்தையும் கொடுக்க வேண்டாம். முதலில் உங்கள் காய்கறியை அவர்களுக்குக் கொடுங்கள். வாரா வாரம் பணம் ஒழுங்காக வருகிறதா என்று ஆறு மாதம் கவனியுங்கள். மேற்சொன்ன மூன்று கணக்குகளும் சரியாக இருந்தால், அடுத்த விதைப்புக்கும் வீட்டுச் செலவுக்கும் எடுத்து வைத்ததுபோக மிஞ்சுவதில் ஒரு பகுதியை மட்டும் போடலாம். கணக்கைக் காட்டத் தயங்கினால், விலகிவிடுவதே நல்லது.''