கைவழித் திருகியும் வீணாகும் மின்னாற்றலும்

அண்மையில் ஓர் அரங்கில் மூன்று மணிநேரம் அமர்ந்திருந்தேன். பேச்சாளர் குரலினும் ஓங்கி ஒலித்தது கூரைமேல் காற்றுக்குழாயின் இரைச்சல். அதுவும் ஒரு சீராயில்லை. ஏறும், தணியும், மீண்டும் ஏறும். கூட்டம் முடிந்ததும் பொறியறைக்குச் சென்றேன். அங்குப் பணியிலிருந்தவர் என்னிடம் பயின்ற மாணவர். "ஐயா, பொறுத்துக்கொள்ளுங்கள், இதோ அடக்கிவிடுகிறேன்" என்று ஒரு திருகியைக் கைவழிக்குத் திருப்பினார். விசிறி முழு விரைவில் நிலைத்தது, ஏற்றத்தாழ்வும் நின்றது. அத்திருகியைப் பற்றியதே இக்கட்டுரை.

விசிறியின் மின்னோடிக்கு விரைவு மாற்றி பூட்டுவது எதற்காக? காற்றின் அளவு விரைவை ஒட்டியது. உண்ணும் மின்திறனோ விரைவின் மும்மடியை ஒட்டியது. விரைவை 80 விழுக்காடாகக் குறைத்தால் மின்திறன் ஏறத்தாழ 51 விழுக்காடாகும். பாதியாக்கினால் எட்டில் ஒரு பங்கே. குழாயழுத்தத்தை ஒரே அளவில் நிறுத்தவேண்டிய இடத்தில் இத்துணை மிச்சம் வாராதெனினும், வருவது சிறிதன்று. கைவழியில் முழு விரைவில் ஓடவிட்டாலோ, மாற்றிக்குக் கொடுத்த பணமும் போயிற்று, மிச்சமும் போயிற்று.

குற்றம் மாற்றியினுடையதன்று; பண்ணாமையினுடையது. யாழ் நூலார் நரம்பிசை கூட்டுவதைப் பண்ணல் என்றனர். இதற்கும் அச்சொல்லே பொருந்தும். பொறிஞர் பி.ஐ.டி. என வழங்கும் ஆள்வி மூன்று வகையால் வேலை செய்கிறது. குழாயழுத்தம் குறித்த அளவினின்று எவ்வளவு விலகியதோ அவ்வளவிற்கேற்ப உடனே திருத்துவது ஒன்று. அதனால் தீராது எஞ்சும் குறையைத் தொகுத்துத் தொகுத்துத் தீர்ப்பது மற்றொன்று. விலகும் போக்கை நோக்கி முன்கூட்டியே தடுப்பது மூன்றாவது. அழுத்தம் ஓயாது துடிக்கும் காற்றுக்குழாயில் இதனைப் பெரும்பாலும் சுழியாக்கிவிடுவதே நன்று.

இவ்வறிவு புதிதன்று. நிக்கோலசு மினோர்சுகி கப்பலின் சுக்கான் பிடிப்போர் கைத்திறனைக் கூர்ந்து நோக்கி, 1922-இல் இம்மூன்றையும் கணக்கியலில் வடித்தார். அடுத்த ஆண்டில் அமெரிக்கப் போர்க்கப்பல் நியூ மெக்சிகோவில் ஆய்வும் நடந்தது. கப்பலோர் ஒவ்வாமையால் கடற்படை அதனை ஏற்கவில்லை. (பொறியறைத் திருகியின் கதையும் அதுதானே!) 1942-இல் சீகிளரும் நிக்கல்சும் எண்களைத் தேரும் வழி வகுத்தனர். ஆயின் ஓர் அலை அடுத்த அலையில் கால்பங்காகத் தணிந்தாற் போதும் என்பது அவர்தம் அளவை. விசிறிக்கு அது மிகுதுடிப்பு. அவர் எண்ணிற் பாதியே அமையும்.

அரங்கின் நோய் வேறோரிடத்தில் இருந்தது. மாற்றி, விசிறியை ஓய்வினின்று முழு விரைவிற்குக் கொணர 60 நொடி எடுக்குமாறு அமைக்கப்பட்டிருந்தது. தொகுக்கும் நேரமோ ஆலையில் இட்டபடியே 5 நொடி. விசிறி வந்துசேருமுன் ஆள்வி குறையைத் தொகுத்துக் குவித்துவிடும். அழுத்தம் அளவு கடக்கும். பின் எதிர்ப்புறம் அதே ஓட்டம். அலையாது என் செய்யும்?

"ஏன் திருத்தவில்லை?" என்றேன். "பூட்டியவர்கள் அன்றே போய்விட்டார்கள், ஐயா. ஆங்கிலத்தில் பெருநூல் ஒன்று தந்தார்கள், எந்த எண் எதற்கென்று யாரும் சொல்லவில்லை" என்றார். அவரை நோவேன், பண்ணாமல் பணம் பெற்றவரையும் பண்ணாததற்குப் பணம் கொடுத்தவரையும் மிகுதியாக நோவேன். வெம்மை மிக்க நாளிலும் குளிர்நாளிலும் ஓட்டிப் பார்த்து, இட்ட எண்களைப் பணியாளர் மொழியில் எழுதித் தந்தாலன்றி இறுதித் தொகையைத் தரலாகாது. ஒப்பந்தத்தில் இவ்வொரு வரி போதும்.

அன்றே இருவரும் அமர்ந்தோம். திருத்தும் அளவைப் பாதியாக்கினார்; தொகுக்கும் நேரத்தை 40 நொடியாக்கினார்; திருகியைத் தன்வழிக்குத் திருப்பினார். இரண்டு முறை அலைந்து அடங்கியது. அலைவெண் காட்டி 50-இலிருந்து இறங்கி 37-இல் நின்றது. எண்களைத் தாளில் எழுதிப் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டினார்.