விரல் நுனியில் விடுமுறை

பள்ளிக்கூடத்தில் கடைசிப் பரீட்சை முடிகிறது. பிள்ளைகள் வீட்டுக்கு ஓடி வருகிறார்கள். பையைத் தூக்கி மூலையில் போடுகிறார்கள்.

"அப்பா, லீவுக்கு எங்கே போகிறோம்?" என்று கேட்கிறார்கள்.

இந்தக் கேள்வி அன்றும் இருந்தது. இன்றும் இருக்கிறது. ஆனால், அதற்குப் பதில் தேடுகிற விதம் அடியோடு மாறிவிட்டது.

முன்பெல்லாம் அப்பா என்ன செய்வார்? ஊரில் இருக்கும் மாமாவுக்கு ஒரு கார்டு எழுதிப் போடுவார். பதில் வர ஒரு வாரம் ஆகும். பதில் வந்த பிறகு, விடியற்காலையில் எழுந்து ரெயில் நிலையத்துக்குப் போவார். அங்கே அவருக்கு முன்பே 50 பேர் வரிசையில் நிற்பார்கள். கால் கடுக்க நின்று ஜன்னல் அருகே போனால், "இடம் இல்லை. அடுத்த ஆள் வரலாம்" என்று பதில் வரும்.

இன்று அந்த வரிசை வீட்டுக்குள் வந்துவிட்டது. அப்பா செல்போனை எடுக்கிறார். நாலு முறை விரலால் தட்டுகிறார். எந்த ரெயிலில் எத்தனை இடம் இருக்கிறது என்று தெரிகிறது. தங்குவதற்கு விடுதி, அதன் வாடகை, அறையின் படம், போகிற ஊரில் மழையா வெயிலா என்பது வரை எல்லாம் தெரிகிறது.

இது நல்ல மாற்றமா? நல்ல மாற்றம்தான். ஆனால், இதில் சில பள்ளங்களும் இருக்கின்றன. அவற்றையும் தெரிந்துகொண்டு நடப்பது நல்லது.

ரெயில் டிக்கெட்டு

2002-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இணையதளம் வழியாக ரெயில் டிக்கெட்டு எடுக்கும் வசதி வந்தது. ஐ.ஆர்.சி.டி.சி. என்ற ரெயில்வே நிறுவனம் அதைத் தொடங்கியது. முதலில், டிக்கெட்டை அச்சடித்துக் கூரியரில் வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு அதுவும் தேவை இல்லை என்றாகிவிட்டது. செல்போனில் வரும் தகவலும், கையில் ஓர் அடையாள அட்டையும் இருந்தால் போதும்.

இதனால் பெரிய நன்மை ஒன்று ஏற்பட்டது. குக்கிராமத்தில் இருப்பவரும், சென்னையில் இருப்பவரும் ஒரே நேரத்தில் டிக்கெட்டு கேட்கலாம். ரெயில் நிலையத்துக்கு அருகில் குடியிருப்பவருக்கு மட்டும் முதல் இடம் என்ற நிலை போய்விட்டது.

ஆனால், போட்டி போகவில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தென்மாவட்ட ரெயில்களுக்கு முன்பதிவு தொடங்கினால் என்ன நடக்கிறது? காலை 8 மணிக்குத் தொடங்குகிறது. சில நிமிடங்களில் இடம் தீர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு "காத்திருப்போர் பட்டியல்" என்றுதான் காட்டுகிறது.

முன்பு 120 நாட்களுக்கு முன்பே டிக்கெட்டு எடுக்கலாம். 2024 நவம்பர் 1-ந் தேதி முதல் அதை 60 நாட்களாகக் குறைத்தார்கள். நாலு மாதத்துக்கு முன்பே எடுத்து வைத்தவர்கள் பலர் பிறகு ரத்து செய்துவிடுகிறார்கள் என்று ரெயில்வே காரணம் சொன்னது. ஆகவே, பயணத் தேதியில் இருந்து 60 நாட்களைப் பின்னோக்கி எண்ணிக் காலண்டரில் குறித்து வையுங்கள். அன்று காலை 8 மணிக்கு முன்பே தயாராக இருங்கள்.

"தட்கல்" என்னும் அவசர டிக்கெட்டின் கதை வேறு. அது பயணத்துக்கு முதல் நாள் கிடைப்பது. ஏ.சி. வகுப்புக்குக் காலை 10 மணி. மற்ற வகுப்புக்கு 11 மணி. இதில் சில பேர்வழிகள் கம்ப்யூட்டரை வைத்தே கள்ளத்தனம் செய்தார்கள். மனிதன் பெயரைத் தட்டி முடிப்பதற்குள், கம்ப்யூட்டர் பத்து டிக்கெட்டு எடுத்துவிடும்!

இதைத் தடுக்க ரெயில்வே நடவடிக்கை எடுத்தது. சந்தேகத்துக்கு உரிய 2½ கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளை முடக்கியதாக 2025-ல் அறிவித்தது. 2025 ஜூலை 1 முதல், ஆதார் எண்ணை இணைத்துச் சரிபார்த்தவர்கள் மட்டுமே இணையதளத்தில் தட்கல் எடுக்கலாம் என்று விதி வந்தது. முதல் அரை மணி நேரத்தில் ஏஜெண்டுகள் எடுக்கக்கூடாது என்றும் தடை போட்டார்கள். இது பாராட்டத்தக்க காரியம்.

மலைக்குப் போகவும் சீட்டு

ஊட்டி, கொடைக்கானல் என்றால் கோடையில் கூட்டத்துக்குக் கேட்க வேண்டுமா? மலைப் பாதையில் கார்கள் மணிக்கணக்கில் நிற்கும். மலை எவ்வளவுதான் தாங்கும்?

2024 ஏப்ரலில் சென்னை ஐகோர்ட்டு ஓர் உத்தரவு போட்டது. அதன்படி, மே 7-ந் தேதி முதல் இந்த இரண்டு ஊர்களுக்கும் வாகனங்களில் போகிறவர்கள் "இ-பாஸ்" எடுக்க வேண்டும் என்ற முறை வந்தது. செல்போனிலேயே விவரங்களைப் பதிந்து இதை வாங்கலாம். கட்டணம் கிடையாது.

2025 கோடையில் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரை ஊட்டிக்கு வார நாட்களில் 6 ஆயிரம் வாகனங்கள், சனி, ஞாயிறுகளில் 8 ஆயிரம் வாகனங்கள். கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4 ஆயிரம், சனி, ஞாயிறுகளில் 6 ஆயிரம். அரசு பஸ்சில் போகிறவர்களுக்கு இந்தப் பாஸ் தேவை இல்லை என்று விலக்கு தரப்பட்டது.

இது தெரியாமல் காரில் கிளம்பிய குடும்பங்கள் மலை அடிவாரத்தில் நின்று தவித்தன. பிள்ளைகள் அழ, அப்பா செல்போனைத் தட்ட, அங்கே சிக்னல் கிடைக்காமல் போக... இந்தத் தொல்லை உங்களுக்கு வேண்டாம். விதிகள் அடிக்கடி மாறும். புறப்படுவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

வழிகாட்டியும் வழி தவறும்

செல்போன் வரைபடம் வழி சொல்கிறது. "வலது பக்கம் திரும்பவும்" என்று பேசவும் செய்கிறது. ஆனால், அது சொல்வதெல்லாம் வேதவாக்கு அல்ல.

2024 ஜனவரியில் நீலகிரி மாவட்டம் கூடலூரில் என்ன நடந்தது தெரியுமா? ஊட்டிக்கு வந்து திரும்பிய சுற்றுலாப் பயணிகள் சிலர், செல்போன் வரைபடத்தைப் பார்த்துக் காரை ஓட்டினார்கள். கார் படிக்கட்டில் போய் நின்றது! நல்லவேளையாக உயிருக்கு ஆபத்து இல்லை. போலீசாரும் ஊர்க்காரர்களும் சேர்ந்து காரை மீட்டார்கள்.

வரைபடத்தைப் பாருங்கள். அதோடு, டீக்கடையில் வண்டியை நிறுத்தி, "அண்ணே, இந்த வழியாகப் போகலாமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

ஏமாற்றுக்காரர்களும் மாறிவிட்டார்கள்

முன்பு திருடன் ரெயிலில் பெட்டியைத் திருடினான். இன்று நாம் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே திருடிவிடுகிறான்.

எப்படி? பெரிய விடுதியின் பெயரில் போலி இணையதளம் தொடங்குகிறான். அழகான அறைகளின் படங்களைப் போடுகிறான். பாதி வாடகைக்குத் தருவதாக ஆசை காட்டுகிறான். "இன்னும் ஒரே ஓர் அறைதான் இருக்கிறது. உடனே பணம் அனுப்புங்கள்" என்று அவசரப்படுத்துகிறான். பணம் போய்ச் சேர்கிறது. குடும்பம் பெட்டி படுக்கையோடு போய் இறங்கினால், "உங்கள் பெயரில் அறையே இல்லையே!" என்கிறார்கள் விடுதிக்காரர்கள்.

கேதார்நாத் போன்ற புண்ணியத் தலங்களுக்குப் போகும் யாத்ரீகர்களைக்கூட விட்டு வைக்கவில்லை. ஹெலிகாப்டர் டிக்கெட்டு, தங்கும் விடுதி என்று போலி இணையதளங்கள் நடப்பதாக 2025 ஏப்ரலில் மத்திய அரசே எச்சரிக்கை வெளியிட்டது.

ஆகவே, இந்த நாலு விஷயங்களை மனதில் வையுங்கள்:

ஒன்று: முன்பணம் அனுப்பும் முன், விடுதிக்கு நேரில் போன் செய்து பேசுங்கள். அந்த ஊரில் தெரிந்தவர் இருந்தால் விசாரிக்கச் சொல்லுங்கள்.

இரண்டு: பணம் அனுப்புவதற்குத்தான் ரகசிய எண்ணைப் போட வேண்டும். பணம் வாங்குவதற்குத் தேவையே இல்லை. "பணத்தைத் திருப்பித் தருகிறோம். ரகசிய எண்ணைப் போடுங்கள்" என்று எவன் சொன்னாலும் அவன் திருடன்.

மூன்று: ஏமாந்துவிட்டால் அழுதுகொண்டு உட்கார வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வழி உண்டு.

நாலு: ஊர் போய்ச் சேர்ந்ததும் படங்களை ஊருக்கெல்லாம் அனுப்பாதீர்கள். "எங்கள் வீடு பூட்டிக் கிடக்கிறது" என்று நீங்களே தண்டோரா போட்டது போல் ஆகும். திரும்பி வந்து காட்டினால் போதாதா?

செல்போன் இல்லாதவர் கதி?

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று இருக்கிறது.

தாத்தா ஒருவர் பேரனைப் பார்க்க ஊருக்குப் போக வேண்டும். அவரிடம் செல்போன் இல்லை. இருந்தாலும், அதில் பேசத்தான் தெரியும். அவர் கவுண்டருக்குப் போகிறார். 2025-ல் கவுண்டரில் எடுக்கும் தட்கல் டிக்கெட்டுக்கும், செல்போனுக்கு ஓர் எண் அனுப்பிச் சரிபார்க்கும் முறையைக் கொண்டு வந்தார்கள். அந்தத் தாத்தா என்ன செய்வார்?

கள்ளத்தனத்தைத் தடுக்க வேண்டியதுதான். ஆனால், கள்ளனுக்குப் போட்ட பூட்டு, வீட்டுக்காரனை வெளியே நிறுத்திவிடக்கூடாது.

திருப்பதியைப் பாருங்கள். 300 ரூபாய் தரிசன டிக்கெட்டை இணையதளத்தில் முன்கூட்டியே எடுக்கலாம். செல்போனே இல்லாத ஏழையும் இலவச தரிசன வரிசையில் நின்று பெருமாளைச் சேவிக்கலாம். நேரம் அதிகம் ஆகும். ஆனால், கதவு திறந்திருக்கிறது. எல்லா இடத்திலும் இப்படி இரண்டு வழி இருக்க வேண்டும்.

ரெயில் நிலையங்களில் டிக்கெட்டு கவுண்டர்களைக் குறைக்கக்கூடாது. மலை அடிவாரச் சோதனைச் சாவடிகளில், தெரியாதவர்களுக்குப் பாஸ் எடுத்துக் கொடுக்க ஆட்களை நிறுத்த வேண்டும். மக்கள் பயன்படுத்தும் இணையதளம் எதுவானாலும், அதில் தமிழ் இருக்க வேண்டும். இவை பெரிய கோரிக்கைகள் அல்ல. மனம் இருந்தால் மார்க்கம் உண்டு.

வீட்டிலும் நமக்கு ஒரு வேலை இருக்கிறது. செல்போன் ஒருவர் கையில் இருக்கிறது என்பதற்காக, அவரே எல்லாவற்றையும் முடிவு செய்துவிடக்கூடாது. பாட்டியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். "எங்கே போகலாம் பாட்டி?" என்று கேளுங்கள். பேத்தி டிக்கெட்டு எடுக்கட்டும். எப்படி எடுப்பது என்று பாட்டிக்கும் சொல்லிக் கொடுக்கட்டும். டிக்கெட்டின் நகலையும், வீட்டாரின் போன் எண்களையும் ஒரு தாளில் எழுதிப் பையில் வையுங்கள். செல்போன் அணைந்து போகலாம். தாள் அணையாது.

கருவி நமக்கு வேலைக்காரனாக இருக்கட்டும். எஜமான் ஆகிவிட வேண்டாம். டிக்கெட்டு எடுத்து முடித்ததும் அதைக் கீழே வைத்துவிட்டு, ரெயில் ஜன்னல் ஓரத்தில் உட்காருங்கள். வெளியே ஆறும் வயலும் மலையும் ஓடும். பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள்.

அதற்குத்தானே ஊருக்குப் போகிறோம்?