கல்லைக் காட்டினார்கள், கணக்கைக் காட்டுவார்களா?

படைபலமும் பணபலமும் மட்டுமே உலகை வயப்படுத்தும் என்றிருந்த காலம் மாறிற்று. ஒரு நாட்டின் பண்பாட்டையும் அரசியல் நெறியையும் கண்டு பிறநாட்டார் தாமே விரும்பி நெருங்குவதை ‘மென்வலிமை’ என்றார், அமெரிக்க அறிஞர் ஜோசப் நை, 1990-இல். வளர்ந்துவரும் நாடுகள் இன்று அதனைத் தேடுகின்றன. இந்தியாவும் தேடிற்று. எங்கே கண்டெடுத்தது தெரியுமா, தோழர்களே? ஏனாத்தூரார் நாம் நன்கறிந்த உத்திரமேரூரில்!

2021 டிசம்பரில் அமெரிக்கா கூட்டிய மக்களாட்சி மாநாட்டில், இந்தியப் பிரதமர் எடுத்துக்காட்டியது உத்திரமேரூர்க் கல்வெட்டை. 2023-இல் ஜி-20 தலைமை வகித்தபோது, ‘மக்களாட்சியின் தாய்’ என்று டில்லி பெருமை பேசிற்று. தமிழன் கல் உலக அவையேறியது, மகிழ்ச்சி!

ஆனால், காட்டியவர்கள் அந்தக் கல் சொல்வதைக் கேட்டார்களா? முதலாம் பராந்தகன் காலத்தது அது. முப்பது குடும்புகள், குடவோலை முறை, ஓராண்டுப் பதவி. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும், அவன் உறவினரும் மீண்டும் அமரலாகாது! வியத்தகு விதி. அதே கல்தான் நிலமும் வேதக்கல்வியும் உடையாருக்கே இடம் தந்தது. உழுதவன் பெயரை ஓலையில் எழுதவில்லை. நிறையை நெஞ்சுயர்த்திச் சொல்வோம். குறையையும் மறைக்காமல் சொல்வோம். மறைத்தால், கல்லைப் படிக்கும் வெளிநாட்டு அறிஞன் நகைப்பான்.

சீனத்தைப் பாருங்கள். 2004 முதல் உலகெங்கும் கன்பூசியஸ் நிலையங்கள் அமைத்தது. அமெரிக்காவில் மட்டும் நூறளவு எழுந்தன. ஐயம் எழுந்தது, பெரும்பாலானவை மூடப்பட்டன. பணம் கட்டடம் எழுப்பும், நம்பிக்கையை எழுப்பாது.

நம்பிக்கை வீட்டில் விளைய வேண்டிய பயிர். இங்கே விளைந்தது என்ன? மும்மொழித் திட்டத்தை ஏற்க மறுத்த தமிழகத்தின் பள்ளிப் பிள்ளைகளுக்குரிய 2,152 கோடி ரூபாயை, 2024-25-இல் ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. மக்கள் தேர்ந்த சட்டமன்றத்தின் பத்து மசோதாக்களை ஆளுநர் முடக்கியது சட்டப்படி தவறு என்று, 2025 ஏப்ரல் 8-இல் உச்சநீதிமன்றம் உரைத்தது. வெளியே குடவோலைப் புராணம். உள்ளே குடிமக்கள் ஓலைக்கு மதிப்பில்லை! தூதுவர்கள் எத்தனை மேடை ஏறினாலென்ன, இதை உலகம் காணாதா?

ஆகவே தோழர்களே, கல்லை அவர்கள் காட்டட்டும். அதன் கட்டளையை நாம் காப்போம். கிராமசபை கூடும் நாளில் எழுந்து நின்று கணக்குக் கேளுங்கள். நம்மவர் பொறுப்பிலிருந்தாலும் கேளுங்கள். ஊரில் கேட்கப் பழகிய குரலுக்குத்தான், டில்லியைக் கேட்கும் உரிமையும் உரமும் உண்டு!