மானியம் மீத்தேனை அளக்கட்டும்

மீத்தேன் என்றதும் தமிழ் வாசகருக்கு முதலில் நினைவுக்கு வருவது மன்னார்குடிதான். காவிரிப் படுகையின் நிலக்கரிப் படிவங்களிலிருந்து அந்த வாயுவை எடுக்கும் திட்டத்தை எதிர்த்து இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 2013 டிசம்பரில் அந்தப் பிரசாரத்தின் நடுவிலேயே காலமானார். 2020இல் காவிரி டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமானது. காரைக்காலிலும் ஹைட்ரோகார்பன் திட்டங்களுக்கு எதிராக மக்கள் திரண்டார்கள். பூமிக்கு அடியில் கிடக்கும் மீத்தேனைத் தொடாதே என்று இவ்வளவு உறுதியாகச் சொன்ன நாம், கண்ணெதிரே ஆலைகளின் திறந்த குட்டைகளிலிருந்து இரவும் பகலும் வானத்துக்குப் போய்க்கொண்டிருக்கும் மீத்தேனைப் பற்றி அநேகமாகப் பேசியதே இல்லை. அதைத் தடுக்க அரசிடம் பணம் இருக்கிறது. அந்தப் பணம் யாருக்குப் போக வேண்டும், எதை அளந்து கொடுக்கப்பட வேண்டும் என்பதே இப்போது கேட்க வேண்டிய கேள்வி.

புதுச்சேரியின் தவளக்குப்பம், பாகூர் பக்கத்து வயல்களில் விளைவது போன்ற கரும்பு சர்க்கரையானதும் மொலாசஸ் மிஞ்சுகிறது. அது சாராய ஆலைக்குப் போய் எரிசாராயமாகும்போது, ஒரு லிட்டருக்குப் பத்து லிட்டரை ஒட்டிய அளவில் கரும்பழுப்புக் கழிவுநீர் வெளியேறுகிறது. சேலம், நாமக்கல், தருமபுரி வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளில் மரவள்ளிக்கிழங்கை அரைத்துப் பால் எடுத்துத் தெளிய வைத்த பிறகு வடித்துவிடும் தண்ணீரும் இதே வகைதான். அடிவரை காற்று எட்டாத ஆழக் குட்டையில் அது தேங்கினால் சில நாட்களில் மேலே சாம்பல் நிற ஆடை கட்டும். அடியிலிருந்து குமிழிகள் எழும்பி எழும்பி உடையும். ஊரார் மூக்கைப் பொத்திக்கொள்வது நாற்றத்துக்காக. மீத்தேனுக்கோ வாசனை கிடையாது, அது சத்தமில்லாமல் போய்விடுகிறது. ஆயிரம் லிட்டர் சாராய ஆலைக் கழிவுநீரில் சி.ஓ.டி. என்னும் கரிமச் சுமை சுமார் 100 கிலோ. ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசி வகுத்த கணக்குப்படி ஆழமான திறந்த குட்டையில் அது 20 கிலோ மீத்தேன் வரை ஆகக்கூடும். நூறு ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. இருபது ஆண்டுக் கணக்கில் 80 மடங்குக்கும் மேல். ஆனால், காற்றில் அதன் ஆயுள் பன்னிரண்டு ஆண்டு அளவுதான். இன்று நிறுத்தினால் பலனை நம் பிள்ளைகள் பள்ளி முடிப்பதற்குள் பார்த்துவிடலாம். இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று: குட்டையை விட்டு வெளியேறும் நீருக்கு மாசுக் கட்டுப்பாட்டு விதிகளில் வரம்பு இருக்கிறது, குட்டையின் மேற்பரப்பிலிருந்து போகும் மீத்தேனுக்கு வரம்பு இல்லை. நீரின் சுமையை வானத்துக்கு மாற்றிவிட்டால் விதியின் ஒரு பாதி நிறைவேறிவிடுகிறது.

மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் 2022 நவம்பரில் அறிவித்த தேசிய உயிரி எரிசக்தித் திட்டம் இந்த இடத்தில்தான் வருகிறது. 2025-26 வரையிலான முதல் கட்டத்துக்கு 858 கோடி ரூபாய். அதில் 600 கோடி கழிவிலிருந்து எரிசக்தி எடுக்கும் பிரிவுக்கு. ஆலைக் கழிவுநீரும் இதில் அடக்கம். அந்த அறிவிப்பின் விகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாளொன்றுக்கு 12,000 கன மீட்டர் பயோகேஸ் தரும் ஆலைக்கு 25 லட்சம் ரூபாய். அதே வாயுவைச் சுத்திகரித்து, அழுத்தி, வண்டி எரிபொருளாக 4,800 கிலோ தரும் புதிய ஆலைக்கு 4 கோடி. பதினாறு மடங்கு. சுத்திகரிப்பு இயந்திரங்களுக்குச் செலவு அதிகம், உண்மை. ஆனால், 12,000 கன மீட்டர் பயோகேஸில் இருப்பதும் ஏறத்தாழ அதே அளவு மீத்தேன்தான். அது ஆலையின் பாய்லரில் எரிந்தாலும் பேருந்து எஞ்சினில் எரிந்தாலும் வானத்துக்குக் கிடைக்கும் நன்மை ஒன்றே. முன்பு திறந்த குட்டையிலிருந்து போய்க்கொண்டிருந்த மீத்தேன் என்றால், அந்த 4,800 கிலோவைப் பிடிப்பது நாளொன்றுக்கு 130 டன்னுக்கு மேற்பட்ட கரியமில வாயுவைத் தடுப்பதற்குச் சமம். அது புதைபடிவ எரிபொருளின் இடத்தைப் பிடிப்பதால் கிடைக்கும் லாபம் இதில் பத்தில் ஒரு பங்கு அளவே. அந்தச் சிறிய லாபத்துக்கே பெரிய மானியம் போகிறது. அதோடு, நேப்பியர் புல்லை வளர்த்து வாயு எடுக்கும் ஆலையைக் கழிவுநீர் ஆலையோடு ஒன்றாக வைக்க முடியாது. அந்தப் புல் குட்டையில் அழுகி மீத்தேன் விட்டுக்கொண்டிருக்கவில்லையே! அங்கே புதிதாக மீத்தேனை உருவாக்குகிறோம். மூடியிலோ குழாயிலோ சில சதவீதம் கசிந்தாலும் நிலைமை முன்பிருந்ததைவிட மோசமாகிறது.

அளவுகோல் தவறினால் என்ன ஆகும் என்பதற்குக் கனடா சாட்சி. எண்ணெய், எரிவாயு நிறுவனங்களின் மீத்தேன் கசிவைக் குறைக்கக் கனடா அரசு 2020இல் ஒரு நிதியை அறிவித்தது. நிலப்பகுதி நிறுவனங்களுக்கு மட்டும் 67.5 கோடி கனடிய டாலர். 2021 நவம்பரில் அந்நாட்டின் சுற்றுச்சூழல் தணிக்கை ஆணையர் அறிக்கை வைத்தார். முதல் சுற்றில் நிதி பெற்ற 40 திட்டங்களில் 27, இந்தப் பணத்தால் உற்பத்தியைக் கூட்ட முடியும் என்று தாங்களே எழுதிக்கொடுத்திருந்தன. ஏற்கெனவே சட்டம் கட்டாயமாக்கியிருந்த குறைப்பையும் நிதியின் சாதனையாக அரசு கணக்கிட்டிருந்தது. நமக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு: மானியம் இல்லாவிட்டாலும் நடந்திருக்கும் வேலைக்குக் கொடுக்கும் பணம் வீண். சாராய ஆலைகள் கழிவுநீரை வெளியே விடவே கூடாது என்ற நிபந்தனைக்கு ஏற்கெனவே உட்பட்டவை. விதி கேட்பதைச் செய்ய அவற்றுக்குப் பொதுப் பணம் எதற்கு? பெரிய ஸ்டார்ச் ஆலைகள் பலவும் குட்டையின் மேல் கறுப்பு ஷீட்டைப் போர்த்தி, அது உப்பி நிற்க, அடியிலிருக்கும் வாயுவில் எஞ்சின் ஓட்டி மின் கட்டணத்தை மிச்சம் பிடிக்கின்றன. முதலீடு அவர்களுக்குத் தானே திரும்பி வருகிறது. வருஷத்தில் சில மாதமே அரவை ஓட்டும் சிறு ஆலைக்கு அது திரும்பாது. பணம் போக வேண்டிய இடம் அது.

மாசு செய்பவனுக்கே மானியமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வேலூர் மாவட்டத் தோல் ஆலைகள் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்பதை நாட்டுச் சட்டமாக நிலைநிறுத்தியது. ஆனால், அதே வட்டாரத்தில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தபோது மத்திய, மாநில அரசுகள் மானியமும் கொடுத்தன. தனித்தனியே செய்ய வலுவில்லாத சிறு ஆலைகள் சேர்ந்து செய்வதற்கு அரசு தோள் கொடுப்பது வேறு, தண்டனையைத் தள்ளுபடி செய்வது வேறு. விதியைக் கறாராக்கி ஒரு தேதியும் குறித்துவிட்டு, அதற்கு முன்பே மூடி போடுகிற சிறு ஆலைக்கு உதவுவதில் முரண்பாடு இல்லை. நாட்டின் மீத்தேனில் முக்கால் பங்கு வேளாண்மையிலிருந்து வரும்போது ஆலைகளை மட்டும் ஏன் பிடிக்க வேண்டும் என்றும் கேட்கலாம். ஐ.நா.வுக்கு இந்தியா அளித்த 2016ஆம் ஆண்டுக் கணக்கில் வேளாண்மை 74 சதவீதம், கழிவுத் துறை 14 சதவீதம் சொச்சம். ஆனால், மாட்டின் ஏப்பத்தையும் நெல் வயலையும் தொட்டால் கோடிக்கணக்கான ஏழைகளின் பிழைப்பைத் தொடுகிறோம். ஆலைக் கழிவுநீரோ ஒரே குழாயில் வந்து ஒரே குட்டையில் விழுகிறது.

அளப்பது கடினம் என்பதை மட்டும் ஏற்பதற்கில்லை. சென்னைக் குடிநீர் வாரியத்தின் கொடுங்கையூர், நெசப்பாக்கம் கழிவுநீர் நிலையங்களில் பயோகேஸ் எஞ்சின்கள் பல ஆண்டுகளாக ஓடுகின்றன. ஒரு கன மீட்டர் வாயு சுமார் இரண்டு யூனிட் மின்சாரம் தரும். மின் மீட்டரே பாதி சாட்சி சொல்லிவிடும். தேசிய உயிரி எரிசக்தித் திட்டத்துக்கு 2025இல் திருத்திய விதிகள், மானியத்தின் பாதியை வங்கி உத்தரவாதத்தின் பேரில் முன்னதாகவும், மீதியை ஆலை 80 சதவீதத் திறனை எட்டிய பிறகும் தருகின்றன. கடன் வாங்கித் தவிக்கும் சிறு ஆலைக்கு இது நல்ல மாற்றம். ஆனால், சோதனை ஓட்டத்தில் காட்டிய திறனே அங்கே இன்னமும் அளவுகோல். மீதிப் பாதியை ஐந்து ஆண்டுகளாகப் பிரித்து, அந்தந்த ஆண்டு உண்மையில் எரிந்த மீத்தேனுக்கு ஏற்பக் கொடுக்கலாம். கூடவே ஒரு நிபந்தனையும் வேண்டும். எஞ்சின் பழுதாகி மெக்கானிக்குக்காகக் காத்திருக்கும் வாரத்திலும் ஷீட்டுக்கு அடியில் வாயு ஊறிக்கொண்டேதான் இருக்கும். எரித்துத் தீர்க்க ஒரு கொள்ளிக் குழாய் இல்லையென்றால் வால்வைத் திறந்து காற்றில் விடுவதைத் தவிர ஆலைக்காரருக்கு வழியில்லை. அந்தக் குழாயும் அதில் ஒரு மீட்டரும் இல்லாத ஆலைக்கு முதல் தவணையே போகக் கூடாது.