பூட்டிய கேட்டுக்குப் பின்னால் ஒரு பாதை

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு முன்பே பொந்தியான்–கூக்குப் சாலையில் சைக்கிள் கூட்டம் தொடங்கிவிடுகிறது. ஜொகூர் பாருவிலிருந்து கிளம்பியவர்கள், காஸ்வே தாண்டிச் சிங்கப்பூரிலிருந்து வந்தவர்கள், உடம்போடு ஒட்டிய சட்டை, தோட்டத் தொழிலாளி ஒருவரின் பல மாதச் சம்பளத்தை விழுங்கிய கார்பன் வண்டி. எல்லோரும் போவது தஞ்சோங் பியாய்க்குத்தான். ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி முனை அது, பொந்தியான் கெச்சிலிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். போய்ப் படம் எடுத்துக்கொண்டு, கூக்குப்பில் கடல் சேற்றில் கால் ஊன்றி நிற்கும் கடைகளில் நண்டு சாப்பிட்டுவிட்டு, வந்த தார்ச்சாலையிலேயே திரும்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் செம்பனைக் குலை லாரி முழங்கையை உரசிக்கொண்டு போகும் சாலையில், முன்சக்கரத்தை விட்டுக் கண்ணெடுக்காமல் மிதித்தவர் பொந்தியானைப் பார்த்தார் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

பார்க்க வேண்டிய பொந்தியான் அந்தச் சாலையின் இரண்டு பக்கமும் கிடக்கிறது. கடற்கரைக் கம்பங்கள் பலவற்றின் பெயர் ‘பாரிட்’ என்று தொடங்கும். பாரிட் என்றால் வாய்க்கால். ஜாவாவிலிருந்தும் சுலாவேசியிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் சதுப்பு நிலத்தை வடிக்க வாய்க்கால் வெட்டினார்கள். வெட்டியவர் பெயரே பல இடங்களில் ஊர்ப் பெயராக நின்றுவிட்டது. வெட்டிய மண்ணை எங்கே கொட்டுவது? பக்கத்திலேயே கொட்டினார்கள். அது மேடானது, மேடு நடைபாதையானது. 1970-களில் உலக வங்கிக் கடனுதவியோடு வந்த மேற்கு ஜொகூர் வேளாண் மேம்பாட்டுத் திட்டம் இதையே பெரிய அளவில் செய்தது. கடலை ஒட்டி நீண்ட மண்கரை, வாய்க்கால் கடலைத் தொடும் இடமெல்லாம் மதகு. கடல் ஏறும்போது மதகு மூடிக்கொள்ளும், இறங்கும்போது திறந்து மழைத் தண்ணீரை வெளியே விடும். கரைக்கு உள்ளே இருக்கும் நிலம் உயர் ஓத மட்டத்துக்குக் கீழே கிடப்பதால் இந்த ஏற்பாடு. விளைவு என்னவென்றால், கரைமேல் சைக்கிளில் போகிறவருக்கு இரண்டு பக்கமும் பள்ளம். ஒரு பக்கம் பாக்காவ் என்னும் கண்டல் மரங்களின் கவட்டு வேர்கள், சேற்றில் தத்தும் மீன்கள், அதற்கப்பால் மலாக்கா நீரிணையில் வரிசை பிடித்து நிற்கும் கப்பல்கள். மறுபக்கம் தென்னை, பாக்கு, யார் வீட்டுக் கொல்லையிலோ கூவும் சேவல். லாரி கிடையாது. சில மைல்களுக்கு எதிரே வந்தது தூண்டிலும் வாளியுமாக ஒரே ஒரு மோட்டார்தான்.

உள்நிலம் வேறு மாதிரி. பெக்கான் நானாஸ் பக்கம் கரி மண், அன்னாசி. அதைத் தாண்டினால் செம்பனை. இந்தத் தோட்டப் பாதைகளைப் பற்றித்தான் தமிழர்கள் கொஞ்சம் உரிமையோடு பேசலாம் என்று நினைக்கிறேன். இன்று மவுண்டன் பைக் ஓட்டுகிறவர்கள் ஆசையோடு தேடுகிற ஒற்றையடித் தடங்களில் எத்தனையோ, பெரட்டு முடிந்து இருட்டோடு நிரைக்குப் போன பால்மரத் தொழிலாளிகளின் கால் பட்டு உண்டானவை. தோட்டத்தில் சைக்கிள் முதலில் கிராணிக்கும் மண்டோருக்கும் வாத்தியாருக்கும் உரிய கௌரவமாக இருந்தது. பிறகு லயத்து வாசலுக்கும் வந்தது. பின்னால் பால் வாளி, முன்கம்பியில் பிள்ளை, கைப்பிடியில் சாமான் பை. கல்யாணத்துக்கு முன் ஒரு ‘ராலே’ வாங்கிவிட வேண்டும் என்று உழைத்த தலைமுறை நம் தாத்தாக்களுடையது. காப்சாய் மோட்டார் வந்ததும் சைக்கிள் லயத்துப் பின்கட்டுக்குப் போயிற்று. அதற்குப் பிறகு நம்மவர் கண்ணுக்கு அது ஏழ்மையின் அடையாளம். இன்றும் நான் சைக்கிளில் கடைக்குப் போனால், “என்னண்ணே, மோட்டாரு கெட்டுப்போச்சா?” என்று பரிவோடு விசாரிக்கிறார்கள்.

(இந்த மேற்குக் கரை சைக்கிளின் இன்னொரு முகத்தையும் பார்த்திருக்கிறது. 1942 ஜனவரியில் ஜப்பானிய இம்பீரியல் கார்ட்ஸ் பிரிவு முவாரிலும் பத்து பகாட்டிலும் போரிட்டுத் தெற்கே இறங்கியது. மலாயாவில் ஜப்பானியக் காலாட்படையின் வேகமே சைக்கிளில்தான் இருந்தது. போருக்கு முன் ஜப்பான் மலிவு சைக்கிள்களை இங்கே விற்றுக் குவித்திருந்ததால் உதிரிப் பாகத்துக்குப் பஞ்சமில்லை. டயர் கிழிந்தவர்கள் வெறும் ரிம்மில் ஓட்ட, தார்ச்சாலையில் எழுந்த அந்தச் சத்தத்தை எதிரிகள் டாங்கிகள் என்று எண்ணி மிரண்டதாகப் படை அதிகாரி மசனொபு ட்சுஜி பின்னாளில் எழுதினார். அடுத்த ஆண்டு அதே ராணுவம் தோட்டத்துத் தமிழர்களைச் சயாம் ரயில் பாதைக்கு ஏற்றிக்கொண்டு போனது.)

இப்போது என் கவலைக்கு வருகிறேன். ‘சைக்கிள் சுற்றுலா’ என்ற சொல் இங்கே அடிபடும்போதெல்லாம் எனக்கு ஒரு நுழைவாயில் வளைவு கண்ணில் வருகிறது. அடியில் வண்ணக் கற்கள், வண்டி நிறுத்துமிடம், பெரிய எழுத்தில் ஊர்ப் பெயர், இரண்டே வருடத்தில் எரியாமல் போகும் விளக்குகள். பொந்தியானுக்கு இது வேண்டாம். இங்கே பாதைக்குப் பஞ்சமில்லை. இருக்கிற பாதைகள் ஒன்றையொன்று தொடாமல் நிற்பதும், தொடுகிற இடத்தில் கேட் பூட்டியிருப்பதும்தான் சிக்கல்.

ஜப்பானின் ஷிமனாமி கைடோ உலகெங்கும் சைக்கிள்காரர்களுக்குத் தெரிந்த பெயர். ஒனோமிச்சியிலிருந்து இமாபாரி வரை, தீவுகளையும் பாலங்களையும் கோத்துக்கொண்டு சுமார் 70 கிலோமீட்டர். பாலங்களுக்குப் பெரும் பணம் செலவானது உண்மை; அவை முதன்மையாகக் கார்களுக்காகக் கட்டப்பட்டவை. தீவுகளுக்குள் சைக்கிளுக்கென்று செய்ததில் முக்கியமானது, ஏற்கெனவே இருந்த ஊர்ச் சாலைகளின் ஓரமாக ஒரு நீலக் கோடு போட்டதுதான். கோட்டைப் பிடித்துக்கொண்டு போனால் வழி தவறாது. டச்சுக்காரர்கள் கடலணைகளின் பராமரிப்புச் சாலைகளிலேயே சைக்கிளை விடுகிறார்கள். நம் மண்கரைக்கு இதைவிட நெருங்கிய உறவு வேறில்லை.

பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது, கொஞ்சம் உறுத்தலோடு. 2011 ஜூலை முதல் தஞ்சோங் பகாருக்கு மலாயா ரயில் போவது நின்றது. தண்டவாளம் கிடந்த நிலத்தைச் சிங்கப்பூர் 24 கிலோமீட்டர் பசுமைத் தடமாக வைத்துக்கொண்டது; இன்று அதில் குடும்பம் குடும்பமாகச் சைக்கிள் போகிறது. அதே 2011-இல், 1961 தண்ணீர் ஒப்பந்தம் முடிந்து, பொந்தியான் எல்லையை ஒட்டிய குனோங் பூலாய் நீர்நிலையம் ஜொகூருக்குத் திரும்ப வந்தது. அவர்கள் நம்மிடமிருந்து பெற்ற பழைய தடத்தில் மிதித்துக்கொண்டிருக்கிறார்கள்; நாம் திரும்பப் பெற்றதை என்ன செய்தோம்? கோலாலம்பூர் புக்கிட் கியாராவின் கதை நம்மை இன்னும் நெருங்கித் தொடுகிறது. அது ரப்பர் தோட்டமாக இருந்தது. அந்தத் தோட்ட மேட்டில்தான் தலைநகரத்தின் பேர்பெற்ற மவுண்டன் பைக் தடங்கள் ஓடுகின்றன. தோட்டத்து முன்னாள் தொழிலாளர் குடும்பங்களோ அருகில் ரிம்பா கியாரா பூங்காவை ஒட்டிய நீள்வீடுகளில் நல்ல வீட்டுக்காகப் பல பத்தாண்டுகள் காத்திருந்தார்கள். தடத்தை உண்டாக்கியவர்களை விட்டுவிட்டுத் தடத்தை மட்டும் கொண்டாடும் அந்த வழக்கம் பொந்தியானுக்கு வரக் கூடாது.

எதிர்வாதங்கள் உண்டு, அவற்றில் பாதி நியாயமானவை. செம்பனைக் குலைத் திருட்டு நிஜம். தோட்ட நிர்வாகம் கேட் போடுவதைத் தப்பென்று சொல்ல முடியாது. வெட்டிய குலை தாமதமில்லாமல் ஆலைக்குப் போக வேண்டும், அதனால் அறுவடை நாளில் டிராக்டருக்கு முன்னால் சைக்கிள்காரர் நிற்கக் கூடாது. அறுவடை இல்லாத நாளில், குறித்த ஒரு தடத்தில், பெயர் எழுதிவிட்டுப் போக விடுவதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். கடலோரத்தில் இன்னொரு எல்லைக்கோடும் வேண்டும். தஞ்சோங் பியாய் (526 ஹெக்டேர்), பூலாவ் கூக்குப் (647), சுங்கை பூலாய் (9,126) மூன்றும் 2003 ஜனவரி 31 அன்று ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டவை. சக்கரம் கரையோடு நிற்க வேண்டும். பாக்காவ் காட்டுக்குள் மரப்பாலத்தில் நடந்து போனால் போதும். ‘சாகசத் தடம்’ என்று யாராவது அந்தச் சேற்றுக்குள் வழி வெட்டக் கிளம்பினால் முதல் எதிர்ப்புக் கடிதம் என்னுடையதாக இருக்கும்.

ஆபத்து என்பார்கள். 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில் அதிகாலை மூன்று மணிக்குமேல் மாற்றியமைத்த ‘பாசிக்கல் லாஜாக்’ ஓட்டிய எட்டுப் பையன்கள் கார் மோதி இறந்தார்கள். ஆறு வருடம் நீதிமன்றத்திலும் வீதியிலும் யார் குற்றம் என்று பேசினோம். அந்த வயதுக்காரர்கள் வேகத்தையும் வீரத்தையும் லாரியில்லாத இடத்தில் காட்ட, ஒரு மண் தடமாவது காட்டினோமா என்று யாரும் அதிகம் கேட்டதாக நினைவில்லை.

போகிறவர்களுக்குச் சில சொல்கிறேன். கடலோரக் களிமண் மழையில் நனைந்தால் பிரேக் கட்டைக்கும் டயருக்கும் நடுவே அப்பிக்கொண்டு சக்கரத்தைப் பூட்டிவிடும். மெல்லிய டயர் அங்கே ஆகாது. செம்பனை மட்டை முள் டியூபை இரண்டு இடத்தில் துளைக்கும். ஒன்றை ஒட்டிவிட்டுக் கிளம்பியபின் இரண்டாவது தெரியும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியும் முன்னும் காலையிலும் நீரிணையைத் தாண்டி ‘சுமத்ரா’ காற்று அடிக்கும். மேற்கு வானம் கறுத்தால் கரையை விட்டு இறங்கி மதகுக் கொட்டகையில் ஒதுங்குங்கள். பல மதகுகளில் வண்டியைத் தோளில் தூக்கித்தான் கடக்க வேண்டும். இரண்டு முழப் பலகை ஒன்று போட்டால் தீரும் வேலை அது.

போன மாதம் ஒரு செம்பனைத் தோட்டத்தின் கேட்டில் நின்றேன். பூட்டு. உள்ளே ஜாகா கொட்டகையில் ஆளில்லை. எதிர்ச்சாலையில் மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்தார். அந்தத் தோட்டத்திலேயே பால் வெட்டியவராம்; ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது டவுனுக்குக் குடி மாறியிருக்கிறார். உள்ளே இப்போது தமிழர் வீடு ஒன்றுகூட இல்லை, அம்மன் கோயில் மட்டும் இருக்கிறது என்றார்.

“அப்போ கோயிலுக்கு எப்படிங்கையா போறீங்க?”

“திருவிழாவுக்கு மூணு நாள் தொறந்து விடுவாங்க, தம்பி. கார், லாரி, பஸ்ஸு எல்லாம் உள்ள வரும். முன்னூறு நானூறு பேரு. இது வரைக்கும் ஒரு குலைகூடக் காணாமப் போனதில்ல.”

பிறகு என் வண்டியின் பின்டயரை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, காற்று குறைச்சல் என்றார்.