பாண்டா என்னும் பண்டம்

வாய்பேச அறியாத விலங்கொன்றை “நல்லெண்ணத் தூதுவர்” என்று அழைக்கும் வழக்கம் உலக நாடுகளின் அரசவைகளிலும் செய்தித் தாள்களிலும் வேரூன்றிவிட்டது. சீனத்தின் சிச்சுவான் மலைகளிலே மூங்கில் தின்று தனித்து வாழும் பாண்டாக் கரடியே அவ்விலங்காகும். தமிழிலே தூதிலக்கியம் கற்றவர்களாகிய நமக்கு இச்சொல் சற்று வியப்பைத் தருதல் இயல்பே. அன்னத்தையும் கிளியையும் வண்டையும் தூதுவிடும் புலவன் அவற்றைக் கூட்டில் அடைத்து அனுப்புவதில்லை. பறந்து செல்லும் வல்லமை அவற்றுக்கு உண்டு என்பதனாலேயே அவற்றிடம் இரந்து நிற்கின்றான். இன்றைய தூதோ பூட்டிய பெட்டியில், விமானத்தின் வயிற்றில், ஒப்பந்தப் பத்திரத்தோடு செல்கின்றது. இதனைத் தூது என்பது தகுமா? பண்டப் பரிமாற்றம் என்பதே பொருந்தும் என்பது எமது வாதம்.

இவ்வாதத்தை நிறுவுதற்கு வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும். 1869 ஆம் ஆண்டிலே அர்மண்ட் டேவிட் என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் சிச்சுவானில் வேடர்கள் கொன்ற பாண்டாவின் தோலைக் கண்டு, அதனைப் பற்றிப் பாரிஸ் நகருக்கு அறிவித்தார். மேலைத்தேயம் இவ்விலங்கை அறிந்தது தோலாகவே. 1929 இல் முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ற்றின் புதல்வர் இருவர் ஒரு பாண்டாவைச் சுட்டுச் சிக்காகோ நூதனசாலைக்குக் கொண்டு சென்றனர். 1936 இல் ரூத் ஹார்க்னெஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி சு-லின் என்னும் குட்டியை உயிருடன் கொண்டு சென்றார். அடுத்த ஆண்டில் அது சிக்காகோவின் புறூக்ஃபீல்ட் மிருகக்காட்சிச்சாலையை அடைந்தது. 1938 இல் இறந்தது. தோலைத் தேடியவர்களுக்குப் பின் துப்பாக்கி ஏந்தியவர்களும், அவர்களுக்குப் பின் கூட்டோடு வந்தவர்களும் வெவ்வேறு நோக்கங்களைக் கூறினர். ஆயின் விலங்கு தன் காட்டை இழந்தது என்ற முடிவு மூன்றிலும் ஒன்றே.

தனிமனிதரின் வேட்கையாக இருந்த இது பின்னர் அரசுகளின் கருவியாயிற்று. 1941 இல் சீனத் தலைவர் சியாங் காய்-ஷேக்கின் மனைவி சூங் மெய்-லிங், போர்க்கால உதவிக்கு நன்றியாக நியூயோர்க்கின் புறொங்ஸ் மிருகக்காட்சிச்சாலைக்கு இரு பாண்டாக்களை வழங்கினார். 1957 இலும் 1959 இலும் மக்கள் சீனம் மொஸ்கோவுக்குப் பாண்டாக்களை அனுப்பியது. 1958 இல் சி-சி என்னும் பெண் பாண்டாவை அமெரிக்காவுக்கு விற்க முயன்றபோது, சீனப் பொருள்கள் மீது அந்நாடு விதித்திருந்த வர்த்தகத் தடை குறுக்கே நின்றது. விலங்கு “பகை நாட்டுச் சரக்கு” ஆகிவிட்டது. எனவே அது இலண்டன் மிருகக்காட்சிச்சாலையை அடைந்தது. 1961 இல் தோன்றிய உலக வனசீவராசிகள் நிதியம் சி-சியின் உருவைத் தழுவியே தன் இலச்சினையை வரைந்தது. உலகெங்கும் வன விலங்குப் பாதுகாப்பின் சின்னமாக விளங்குவது, துணையின்றிக் கூட்டிலே வாழ்ந்து 1972 இல் மடிந்த ஒரு சிறைப்பிராணியின் உருவமாகும்.

அதே 1972 ஆம் ஆண்டிலே ஜனாதிபதி நிக்சன் பீக்கிங் சென்று மீண்ட சில வாரங்களில், லிங்-லிங், சிங்-சிங் என்னும் சோடி வாஷிங்டனை அடைந்தது. அமெரிக்கா ஈடாக ஒரு சோடி கத்தூரி எருதுகளை அனுப்பியது. ஜப்பானுடன் உறவு சீரடைந்ததும் டோக்கியோவின் உவெனோவுக்கு ஒரு சோடி சென்றது. தொடர்ந்து பாரிஸ், இலண்டன், மெக்சிக்கோ, மட்ரிட், மேற்கு பேர்லின் எனப் பட்டியல் நீண்டது. வாஷிங்டன் சோடிக்குப் பிறந்த ஐந்து குட்டிகளில் ஒன்றேனும் சில நாள்களுக்கு மேல் உயிர்வாழவில்லை. எனினும் மிருகக்காட்சிச்சாலையின் வாயிலில் கூட்டம் குறையவில்லை. குட்டிகள் இறந்தமை செய்தியாயிற்றேயன்றி இந்த ஏற்பாட்டைப் பற்றிய கேள்வியாக மாறவில்லை.

1984 ஆம் ஆண்டளவில் கொடை என்ற சொல்லும் மறைந்தது. முதலில் குறுங்காலக் கடனாகவும், 1990களிலிருந்து பத்தாண்டுக் குத்தகையாகவும் பாண்டாக்கள் வழங்கப்படலாயின. ஒரு சோடிக்கு ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சம் அமெரிக்க டொலர் வரை வாடகை அறவிடப்பட்டது. அந்நிய மண்ணிற் பிறக்கும் குட்டியும் சீனத்தின் உடைமையே. அது சில ஆண்டுகளில் திருப்பி அனுப்பப்படல் வேண்டும். நிலவுடைமைக் காலத்திலே குத்தகைக்காரன் உழைப்பின் விளைவு நிலக்கிழாரையே சேர்ந்தது போல, இங்கும் விளைவு உரிமையாளனுக்கே செல்கின்றது. வேறுபாடு யாதெனில், இங்கு விளைவு என்பது ஓர் உயிர். ஒரே நாட்டின் கையில் முழு வழங்கலும் இருக்கையில், கேட்போர் பலராகவும் கொடுப்போர் ஒருவராகவும் இருக்கையில், விலையை யார் நிர்ணயிப்பர் என்பதைப் பொருளியல் மாணவர் நமக்கு விளக்க வேண்டியதில்லை.

இக்குத்தகையை நாடி நிற்கும் நகரங்கள் தாம் அடைவது யாது என்பதை எண்ணிப் பார்த்தனவா? பின்லாந்தின் ஏஹ்தாரி என்னும் சிற்றூரின் மிருகக்காட்சிச்சாலை, 2018 இல் பெற்ற இரு பாண்டாக்களுக்காக எண்பது இலட்சம் யூரோவுக்கு மேற் செலவிட்டு இல்லம் அமைத்தது. ஆண்டுதோறும் வாடகையும் பராமரிப்பும் பதினைந்து இலட்சம் யூரோவை விழுங்கின. பதினைந்தாண்டு ஒப்பந்தம் பாதியை எட்டுமுன்னரே, 2024 நவம்பரில் அவை திருப்பி அனுப்பப்பட்டன. கனடாவின் கல்கரி நகரம், கொள்ளைநோய்க் காலத்தில் விமானங்கள் குறைந்து மூங்கில் கிடையாமையால் 2020 இல் தன் பாண்டாக்களை அனுப்பிவிட்டது. 2022 இல் உலகக் கிண்ணக் காற்பந்தாட்டத்தை முன்னிட்டுப் பாலைவன நாடாகிய கட்டாருக்கு ஒரு சோடி சென்றது. குளிரூட்டிய மாளிகையில் அவை வைக்கப்பட்டன. உண்ணும் மூங்கில் சீனத்திலிருந்து விமானத்தில் வந்தது. பனிமலையின் விலங்குக்குப் பாலையிலே மின்சாரத்தாற் செயற்கைக் குளிர் உண்டாக்கி, அதனை இயற்கையின்மீது கொண்ட அன்பு என்று பெயரிடுதல் சொல்லுக்கே இழைக்கும் அநீதியாகும்.

இனி அரசியலை நோக்குவோம். 2005 இல் சீனம் தாய்வானுக்கு வழங்க முன்வந்த சோடிக்குத் துவான்-துவான், யுவான்-யுவான் என்று பெயர். இரண்டையும் இணைத்தால் ‘மீளக் கூடுதல்’ என்னும் பொருள் தோன்றும். அன்றைய தாய்வான் அரசு 2006 இல் அவற்றை மறுத்தது. ஆட்சி மாறியதும் 2008 இல் அவை ஏற்கப்பட்டன. கரடிகளின் பெயரிலேயே அரசியற் கோரிக்கை பொதிந்திருந்தமை தெளிவு. 2011 இல் எடின்பரோவுக்கு ஒரு சோடியை வழங்கும் அறிவிப்பு, பிரித்தானியாவுடன் சீனம் செய்துகொண்ட வர்த்தக உடன்படிக்கைகளோடு ஒருங்கே வெளியாயிற்று. பன்னிரண்டு ஆண்டுகள் தங்கிய அச்சோடி, செயற்கை முறைக் கருக்கட்டல் பலமுறை முயன்றும் குட்டி ஈனாமலே 2023 டிசெம்பரில் நாடு திரும்பியது. அவ்வாண்டு நவம்பரில் வாஷிங்டனின் பாண்டாக்கள் சீனத்துக்குச் சென்றபோது இரு வல்லரசுகளின் கசப்பே அதற்குக் காரணம் என்று பலர் எழுதினர். 2024 இல் சன் டியாகோவுக்கும் வாஷிங்டனுக்கும் புதிய சோடிகள் வந்தபோது அதே எழுத்தாளர்கள் உறவு மலர்கின்றது என்றனர். கரடியின் வரவும் செலவும் வானிலைமானியைப் போல வாசிக்கப்படுகின்றன. இவ்வாசிப்பில் கரடிக்கு இடமில்லை.

ஆயின் இவ்வளவும் பாதுகாப்புக்காகவே என்று நம்மை மறுப்போர் உளர். அவர்தம் வாதத்தை இகழாது எடை போடுதல் முறையாகும். வாடகைப் பணம் காட்டுப் பாண்டாக்களின் பாதுகாப்புக்குப் பயன்பட வேண்டும் என்று அமெரிக்க அரசு 1998 இல் நிபந்தனை விதித்தது உண்மை. குட்டிகளைப் பேணும் மருத்துவ அறிவு வளர்ந்தமையும் உண்மை. 1980களின் கணக்கெடுப்பில் 1,114 ஆக இருந்த காட்டுப் பாண்டாக்கள், 2015 இல் வெளியான கணக்கெடுப்பில் 1,864 ஆயின; 2016 இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அவற்றை ‘அருகிவருவன’ என்னும் நிலையிலிருந்து ‘ஊறுபடக்கூடியன’ என்னும் நிலைக்கு மாற்றியது. இந்நற்செய்தியை நாமும் மகிழ்ந்தே ஏற்கின்றோம்.

ஆனால் இவ்வளர்ச்சியை எது விளைவித்தது? 1998 இன் பெருவெள்ளத்தின் பின் சீனம் இயற்கைக் காடுகளில் மரந்தறித்தலைத் தடை செய்தது. மலைச்சரிவு வயல்களை மீண்டும் காடாக்க உழவர்களுக்கு உதவி வழங்கியது. வேட்டையைக் கடுந் தண்டனையால் ஒடுக்கியது. அறுபதுக்கு மேற்பட்ட காப்பகங்களை நிறுவியது. பாண்டாவை மீட்டது காடே, கூடு அன்று. சிறையிலே வளரும் பாண்டாக்கள் இன்று எழுநூறுக்கு மேல். அவற்றுட் காட்டுக்கு விடப்பட்டவையோ பத்துக்குச் சற்று மேற்பட்டவை மாத்திரமே. 2006 இல் முதன்முதலாக விடப்பட்ட சியாங்-சியாங் ஓராண்டுக்குள் இறந்தது. எழுநூறு உயிர்களைப் பெருக்கி அவற்றுட் சிலவற்றை மட்டும் காட்டுக்கு அனுப்பும் அமைப்பை மீட்புப் பணி என்பதா, உற்பத்திச்சாலை என்பதா?

வாடகைப் பணமின்றிக் காப்பகங்களை நடத்த இயலாது என்று சிலர் கூறுவர். இவ்வாதம் ஏழை நாடொன்றைக் குறித்ததாயின் நாமும் தயங்குவோம். ஆனால் உலகின் இரண்டாவது பெரிய பொருளாதாரத்தையுடைய நாடு தன் காட்டைக் காக்கக் கரடியை வாடகைக்கு விடவேண்டும் என்பது நம்பத்தக்கதன்று. மேலைத்தேயச் செல்வர்கள் உண்மையிலேயே காட்டைக் காக்க விரும்பின், பணத்தை அனுப்பிவிட்டுக் கரடியைக் கேளாதிருக்கலாம். கரடி வரவில்லையெனின் பணமும் வராது என்பார்களாயின், அவர்கள் காசு கொடுப்பது காட்டுக்கு அன்று, காட்சிக்கே.

இதனினும் ஆழமான கேடு ஒன்றுண்டு. ஒரு விலங்கின் முகத்தில் உலகத்தின் கருணை முழுவதும் குவியும்போது ஏனையவை இருளில் மறைகின்றன. பாண்டாவைக் காத்தால் அக்காட்டின் எல்லா உயிர்களும் காக்கப்படும் என்று நெடுங்காலம் கூறப்பட்டது. 2020 இல் வெளியான ஆய்வொன்று, 1960களின் பின்னர் பாண்டாக் காப்பகங்களில் 81 சதவீதமானவற்றிலிருந்து சிறுத்தையும், 77 சதவீதமானவற்றிலிருந்து ஓநாயும், 95 சதவீதமானவற்றிலிருந்து செந்நாயும் மறைந்துவிட்டன என்று காட்டியது. சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் குழந்தை முகம் இல்லை. அவற்றுக்காக எந்நகரமும் மாளிகை கட்டவில்லை. எந்தத் தலைவரும் விமான நிலையத்திற் காத்து நிற்கவில்லை. அழகிய முகத்துக்கே அருள் கிடைக்கும் என்பது மனித சமூகத்தில் நாம் நாள்தோறும் காணும் அநீதி. அதனைக் காட்டுக்குள்ளும் கொண்டு சென்றுவிட்டோம்.

இதனைச் சீனத்தின் தவறு, மேலைத்தேயத்தின் தவறு என்று கூறி நாம் கைகழுவவும் இயலாது. விலங்கை நட்பின் அடையாளமாகக் கைமாற்றும் வழக்கத்தில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. 2001 இல் தாய்லாந்து நமக்கு வழங்கிய முத்துராஜா என்னும் யானை, காலில் ஊனமுற்ற நிலையில், தாய்லாந்து மக்களின் கண்டனத்தின் மத்தியில், 2023 ஜூலையில் விமானத்தில் தாயகம் மீண்டது. கொடுத்தவரும் பெற்றவரும் நட்பை நினைத்தனர். யானையின் கால் புண்ணானது இருபது ஆண்டுகளின் பின்னரே பலருக்குத் தெரிந்தது. பெயர்கள் மாறினும் கதை ஒன்றே.

எனவே எமது கோரிக்கை எளியது. உலக மிருகக்காட்சிச்சாலைகள் பாண்டாவுக்கு வரிசையில் நிற்பதை நிறுத்துதல் வேண்டும். இப்போது வெளிநாடுகளில் உள்ளவை ஒப்பந்த காலம் முடியும் வரை நன்கு பேணப்பட்டு, பின்னர் அவ்வொப்பந்தங்கள் புதுப்பிக்கப்படாது விடப்படுதல் வேண்டும். முப்பதுக்கு மேற்பட்ட துண்டுகளாகச் சிதறிக் கிடக்கும் பாண்டாக் கூட்டங்களை இணைக்கும் காட்டு வழிகளுக்கு அப்பணம் செல்லட்டும். 2021 இல் அமைக்கப்பட்ட பாண்டாத் தேசிய வனம் அதற்குரிய தொடக்கமாகும்.

மாணவராகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. குத்தகையைக் கொடை என்றும், கைதியைத் தூதுவர் என்றும், வாணிகத்தை அன்பென்றும் எழுதும் மொழியை நாம் ஏற்காதிருத்தலே அது. சொற்கள் பொய்க்கும்போது முதலில் வாய்பேசா உயிர்கள் துன்புறுகின்றன. பின்னர் வாயுள்ளோரும் அதே சொற்களாலேயே ஏமாற்றப்படுகின்றனர். கண்ணாடிச் சுவருக்கு இப்பாற் குழந்தைகள் கைகொட்டிச் சிரிக்கும்போது அப்பால் முதுகு காட்டி மூங்கில் கடிக்கும் அவ்விலங்கு எவருடைய தூதையும் சுமந்து வரவில்லை. அதற்கு வேண்டியது மலையும் மூங்கிலும் தனிமையுமே. அவற்றை அது பிறந்த மண்ணிலேயே அதற்கு விட்டுவைப்பதே மெய்யான நட்பாகும்.